சாக்குக்குள்ளே சிறுகிழங்கு

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மூலையில் இருந்த வெங்காயக் கூடையை நகர்த்தினேன். அதற்குப் பின்னால் ஒரு காகிதப் பை கிடந்தது. பொங்கலுக்கு வாங்கி மீந்துபோன சிறுகிழங்கு. குப்பையில் போடலாம் என்று பையைப் பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாக் கிழங்கும் முளைவிட்டிருந்தது! மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு பைக்குள் கிடந்துகொண்டு, பச்சையும் சிவப்புமாக எட்டிப் பார்த்தன. எனக்கு எதற்கெடுத்தாலும் ஆர்ப்பாட்டம் செய்கிற சுபாவம். நான் போட்ட கூப்பாட்டில் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"என்னட்டி, பாம்பா?"

"கிழங்கு முளைச்சிருக்கு!"

என்னையும் கிழங்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மீதிச் சவரத்தைச் செய்யப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு என் கூப்பாடு பழகிவிட்டது.

சிறுகிழங்கு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது பெரிய பாடு. சென்னையில் வேலை பார்க்கிற தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "இது என்ன, குட்டி உருளைக்கிழங்கா?" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பெருவிரல் தண்டிக்குத்தான் இருக்கும். தோல் கறுப்பு, உள்ளே வெள்ளை. அதற்கென்று ஒரு வாசனை உண்டு. அதை நான் எழுதிக் காட்ட முடியாது, தின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மார்கழி கடைசியில் சந்தைக்கு வரும். எங்கள் பக்கத்தில் இந்தக் கிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. கோணிச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்து, மிச்சம் ஒட்டியிருக்கும் தோலைக் கையால் சுரண்ட வேண்டும். விரலெல்லாம் கறுத்துவிடும், சோப்புக்கு மசியாது. பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கிற அன்று, எவர் வீட்டில் கிழங்கு வைத்தார்கள் என்று விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு சின்னது. வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். கொல்லைப்புறம் என்று எவருக்கும் கிடையாது. ஆனால் எல்லா வீட்டுக்கும் மொட்டை மாடி உண்டு. மூன்று நாலு வருஷமாக மாடிகளில் தக்காளியும் மிளகாயும் கீரையும் போட்டு வருகிறோம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் காய் மிஞ்சினால் அதை ஒரு துணிப்பையில் போட்டு வாசல் கேட்டில் மாட்டிவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 'நான் கொடுத்தேன்' என்ற பேச்சும் இல்லை, 'நான் வாங்கினேன்' என்ற கூச்சமும் இல்லை. முந்தின வருஷம் வெண்டைக்காய் காய்த்த காய்ப்பில் ஒரே நாளில் தெரு முழுக்கப் பை தொங்கியது. எடுக்கத்தான் ஆளில்லை!

இத்தனை செய்தும் கிழங்கு மட்டும் எவரும் போட்டதில்லை. அதற்கு ஆற்றுப் பக்கத்து நிலமோ செம்மண் தோட்டமோ வேண்டும், மாடியில் வராது என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும். தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நான் யோசனையைச் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மாடியில கிழங்கா? நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அப்ப பொங்கலுக்கு நான் கடையச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்."

"சாத்திருங்க அண்ணாச்சி. இந்தப் பொங்கலுக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுக்காரி கூட உங்கட்ட கிழங்கு கேட்டு வர மாட்டாவ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் எனக்கு எப்போதும் காலை விட வேகமாக நடக்கும்.

முளைத்த கிழங்கைப் பழைய அரிசிச் சாக்கில் மண் நிரப்பிப் புதைத்தேன். ஆனி பிறந்ததும் கொடி கிளம்பியது பாருங்கள்! தடித்த சின்ன இலைகள், தொட்டால் வாசம். அதன் நுனியைக் கிள்ளி இன்னொரு சாக்கில் நட்டால் அதுவும் ஒரு செடி. அதன் நுனியைக் கிள்ளினால் இன்னொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கேட்டில் பை தொங்கியது. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய கொடி நுனிகள். காலையில் மாட்டினால் நான் அலுவலகம் கிளம்புவதற்குள் காலியாகிவிடும். ஆடி முடியும்போது தெருவில் சிறுகிழங்கு இல்லாத மாடி இல்லை. மீந்துபோன ஒரு பிடிக் கிழங்கு ஒரு தெருவையே பிடித்துவிட்டது.

எதிர் வீட்டு டீச்சரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். என்னை விட இரண்டொரு வயது இளையவர். பிறந்தது ராதாபுரம் பக்கம், பனையும் உடைமரமும் மட்டுமே தெரிகிற வறண்ட ஊர். கிறிஸ்துமஸ் கேக் முதல் துண்டு எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் தீபாவளி முறுக்கு முதல் தட்டு அங்கே போகும். எல்லாவற்றிலும் தாராளமான மனுஷி. தண்ணீரில் மட்டும் மகா கருமி. அரிசி கழுவிய தண்ணீரில் கீரையைக் கழுவி, கீரை கழுவிய தண்ணீரில் வாசல் தெளிப்பார். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது போல இருக்கும்.

நாங்கள் அப்படியா? தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்! குழாயைத் திறந்தால் ஆறு வருகிற ஊர்க்காரர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி 'போதும்' என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விடுகிற வழக்கம் எங்களுடையது. கிழங்குச் செடியையும் அப்படித்தான் கவனித்தோம். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். கழுநீர், புளித்த மோர், கடலைப் பிண்ணாக்குக் கரைசல், சாணம் என்று ஒரு வீட்டுக்காரி ஊற்றியதை விட ஒரு படி கூடுதலாக அடுத்த வீட்டுக்காரி ஊற்றினாள். தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் படம். எவர் மாடி இலை பெரிது என்று போட்டி. என் மாடிதான் முதல். சாக்கே வெளியே தெரியாது; பச்சை மெத்தை விரித்தது போல இருக்கும். டீச்சர் மாடியில் கொடி சோனியாக, வெளுத்துப்போய்க் கிடந்தது. நாங்கள் எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்பட்டோம்.

"ஏன் டீச்சர், ஒரு வாளி ஊத்துனா என்ன? பாவம்லா அது" என்பேன்.

"மனசு வரலக்கா. நேத்து மழ பெஞ்சுதுல்லா, அது போதும்" என்பார்.

ஆவணியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு ஆழ்வார்திருநகரி. மாப்பிள்ளை நல்ல மாதிரி. சம்பந்தியம்மாதான் எனக்குப் புதிராக இருந்தார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். பாதி நேரம் அதுவும் 'ம்' என்றுதான் இருக்கும். மகள் போனில் பேசும்போதெல்லாம் இதையே சொன்னாள். "திட்டவே மாட்டாவ அம்மா. ஆனா நான் செய்யது பிடிச்சிருக்கா இல்லியான்னு ஒண்ணும் தெரியல. அந்த வீட்ல எனக்குன்னு ஒரு வேல இல்ல, விருந்தாளி மாதிரி இருக்கேன்." பிள்ளை அங்கே வேர் பிடிக்க வேண்டுமே!

தலைதீபாவளிக்கு அவர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் சம்பந்தியம்மாவை நேரே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்ட நேரம். இலையெல்லாம் பளபளவென்று நின்றது.

"பாத்தியளா மதினி! தலைப்பொங்கல் படிக்கு வேற எல்லாம் கடையில வாங்குவேன். கிழங்கு மட்டும் இந்த மாடியிலருந்துதான் வரும். உங்க வீட்டு மொதப் பொங்கலுக்கு என் கையால வெளஞ்ச கிழங்கு!"

கல்யாணமான முதல் பொங்கலுக்கு மகளின் புகுந்த வீட்டுக்கு அரிசி, வெல்லம், பானை, கரும்பு, மஞ்சள் குலை, கிழங்கு வகை என்று எல்லாம் கொண்டு போய் வைக்கிற சீர்தான் பொங்கல்படி. அதில் எது குறைந்தாலும் பெண்ணுக்குத்தான் குறை. அதைத் தெரிந்துகொண்டே நான் வாயை விட்டேன். சம்பந்தியம்மா இலையைத் தடவிப் பார்த்தார்.

"பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாளிலிருந்து செடிக்கு இன்னும் ஒரு வாளி கூடியது.

மார்கழி கடைசி ஞாயிறு. படி கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின நாள். காலை இட்லியை முடித்துக்கொண்டு தெருவே என் மாடியில் கூடிவிட்டது. டீச்சரும் வேதக்கோவிலில் ஆராதனை முடிந்த கையோடு, பட்டுச்சேலை மாற்றாமல் வந்திருந்தார். மகள் வீடியோ காலில் இருந்தாள். போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன். கல்யாணத்தன்று தாலி கட்டும்போது கூட எனக்கு நெஞ்சு இப்படி அடிக்கவில்லை என்று சொன்னால் மகள் கோபித்துக்கொள்வாள். ஆனால் அதுதான் நிஜம். மண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கடைசி வரை தெரியாதே! அதுதானே கிழங்கின் குஷி!

தார்ப்பாயை விரித்து, பெரிய சாக்கைச் சாய்த்து, வீட்டுக்காரர் அடியைப் பிடித்துத் தூக்கினார். மண் சரிந்தது. நான் இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன்.

வேர். நரை மயிர் போல வேர். இன்னும் துழாவினேன். வேரின் நுனியில் பாசிமணி அளவில் ஏதோ இரண்டு மூன்று. அவ்வளவுதான்.

"அடுத்த சாக்கு" என்றேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பச்சை மெத்தை மாதிரி இருந்த மாடி முழுக்கக் குப்பையாகி, தார்ப்பாயில் ஒரு குழம்புக்குக் கூடக் காணாத பாசிமணிகள். போனில் மகள், "என்னம்மா, காட்டும்மா" என்று குதித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவின் சேலை நிறம் தெரிந்தது. "சிக்னல் சரியில்லட்டி" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்துவிட்டேன்.

கீழே ஓடிப் போய் அடுத்த வீட்டு மாடியில் ஒரு சாக்கைச் சாய்த்தார்கள். வேர். அதற்கடுத்த வீட்டிலும் வேர். யார் யார் அதிகமாக ஊட்டினார்களோ அவர்கள் செடியெல்லாம் தின்றதை இலையாகவே வைத்துக்கொண்டுவிட்டது. அடியில் கிழங்கு வைக்கிற தேவையே அதற்கு வரவில்லை.

வீட்டுக்காரர் என் காதருகில் வந்தார். "பைய அண்ணாச்சி கடையில வாங்கி வச்சிருவோம்ட்டி. கொஞ்சம் மண்ணப் பெரட்டுனா யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மண்ணை அவர் காலடியில் போட்டேன். "என் பொண்ணு தலைப்பொங்கலுக்குப் பொய்யையா கட்டிக் குடுத்துவிடச் சொல்லுதிய?" என்று கத்திவிட்டு அழுதேன். தெரு பார்க்கிறதே என்ற நினைப்பெல்லாம் இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எங்க சாக்கையும் ஒரு தடவ பாத்துருவமாக்கா? ஒண்ணும் இருக்காது. பாக்கவே வெக்கமா இருக்கு. அரையாண்டு லீவுல ஊருக்கு வேற போயிட்டேன். ஒருத்தரும் ஒரு சொட்டுக் கூட ஊத்தல."

டீச்சர் மாடிக்குப் போனோம். கொடி காய்ந்து சருகாகக் கிடந்தது. சாக்கைச் சாய்த்தோம். மண் காய்ந்திருந்ததால் புட்டு மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்த மண்ணுக்குள்ளிருந்து உருண்டது ஒன்று. பிறகு நாலைந்து. அப்புறம் கொத்துக் கொத்தாக, வேரோடு வேராகப் பிடித்துக்கொண்டு, கறுப்பாக, கனமாக, பெருவிரல் தண்டிக்கு!

"கிழங்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருமுனை அண்ணாச்சி கடையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாராம். டீச்சர் பட்டுச்சேலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏசப்பா, நெசமாவா!" என்று ஒவ்வொரு கிழங்காக எடுத்து எடுத்துப் பார்க்கிறார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அரைக்கிழடுகள் இரண்டு மொட்டை மாடியில் குதித்ததைப் படம் எடுத்துக் குழுவில் போட்டவர் யார் என்று இன்றுவரை தேடுகிறேன்.

பிறகு தெரு முழுக்க வேட்டைதான். பிரசவத்துக்கென்று மகள் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் மாடியில் கவனிப்பாரற்றுக் கிடந்த சாக்கில் கிழங்கு. மாடி ஏற முடியாத மூட்டுவலிக்காரர் வீட்டில் கிழங்கு. சோம்பேறி என்று நாங்கள் கேலி செய்த ஒரு வீட்டில் அள்ள அள்ளக் கிழங்கு! உழைத்தவர்களுக்கெல்லாம் வேர். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது படியின் நினைப்பு வந்து, சிரிப்பு நின்றுவிட்டது. கிழங்கு விளைந்தது, என் மாடியில் இல்லை. அது அவரவர் வீட்டுப் பொங்கலுக்கு ஆனது.

மதியம் தூங்கி எழுந்து கதவைத் திறந்தால், என் வீட்டுக் கேட்டில் பைகள். ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டி, கேட்டே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மஞ்சப்பை, ஜவுளிக்கடைப் பை, பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பை. எல்லாவற்றிலும் மண்ணோடு சிறுகிழங்கு. டீச்சருடைய பைதான் பெரிது. நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"உங்க வீட்டுப் பொங்கலுக்கு என்ன செய்வியளாம்?"

"நாங்க இன்னொரு நா தின்னுக்கிடுதோம். புள்ளைக்கு மொதப் பொங்கல்லாக்கா. அது திரும்ப வருமா?" என்றார். நான் பேச்சில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மறுநாள் ஆழ்வார்திருநகரி. கூடத்தில் படியை வரிசையாக வைத்தோம். கிழங்குப் பையை நானே பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டினேன். ஒரு மாடிக் கிழங்கு உருண்டை, ஒரு மாடிக் கிழங்கு நீளம், ஒன்று செம்மண் பூசியது, ஒன்று கறுப்பு. கடைக் கிழங்கின் பக்கத்தில் வைத்தால் எடுபடாது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, இது என் மாடியில வெளஞ்சது இல்ல. எனக்கு வந்தது வெறும் இலதான். தண்ணிய ஊத்தி ஊத்தி நானே கெடுத்துட்டேன். இது எங்க தெருவுல வீட்டுக்கு வீடு எடுத்துக் குடுத்தது. உங்ககிட்ட மறைக்க எனக்கு முடியல."

"ம்" என்றார் சம்பந்தியம்மா. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடி வீட்டுக்காரரின் உயிரை எடுத்தேன்.

பொங்கலன்று பால் பொங்கி, குலவையிட்டு, கும்பிட்டு முடிந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். "கிழங்கு எப்படி இருந்துது? வெந்துதா? அத்தை என்ன சொன்னாவ?"

மகள் தயங்கினாள். "அம்மா, அந்தக் கிழங்க அத்தை சமைக்கல. கடையில வாங்குனதத்தான் வச்சாவ."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "சமைக்கலயா? ஒரு தெருவே வாயக் கட்டிக் குடுத்துச்சுட்டி! சின்னதா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன..."

"அம்மா, மொதல்ல கேளு. வீடியோல வாரேன்."

படம் வந்தது. வீட்டின் பின்பக்க நிழல். அகலமான மண்தொட்டி நிறைய ஆற்று மணல். என் மகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் குழி விட்டு, எங்கள் தெருக் கிழங்குகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மா முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கையை நீட்டும்போதெல்லாம் ஒரு கிழங்கை எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் போன் பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் வந்து நான் கேட்டதே இல்லை.

"ஒரு நாள்ல தின்னு தீக்கதுக்கா மதினி அத்தன வீட்லருந்து குடுத்து விட்டாவ? வைகாசி வரைக்கும் மணல்ல கெடக்கட்டும். பெறவு எங்க தெருவுக்கெல்லாம் உங்க பொண்ணு கையாலதான் நுனி கிள்ளிக் குடுக்கணும். இது இனி இவ பொறுப்பு, நான் தலையிட மாட்டேன்." அடுத்த கிழங்கை எடுத்து மகள் கையில் வைத்தார். "எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு மட்டும் அந்த டீச்சரம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க. உங்கட்ட கேக்க மாட்டேன்."

மகள் மணல் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போனை அணைக்காமலே, செருப்பும் போடாமல், தெருவைத் தாண்டி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.